முத்துக்கரையில் கைவேலைக்கு ஒரு விலை

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். 1955இல் தொடங்கிய அந்த வரிசை 1961ஓடு நின்றது. அதன்பின் குளிப்பு நடத்தும் அளவுக்குப் பார்கள் எனப்படும் கடலடிப் படுகைகளில் சிப்பி சேரவில்லை. இன்று இந்த ஊர்க் கடையில் முத்துமாலை வாங்கினால், பெரும்பாலும் அது சீனாவின் நன்னீர்க் குளங்களில் வளர்ந்து ஐதராபாத் வழியாக வந்த முத்தாகத்தான் இருக்கும். இது தெரிந்துதான் எழும்பூரில் முத்துநகர் விரைவு வண்டி ஏறினேன். முத்து போன பிறகும் இந்தக் கரையில் கையால் நகை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கி அதையே பிழைப்பாக்கப் பார்க்கும் பெண்கள். அவர்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் கணக்கு எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மீளவிட்டான் தாண்டியதும் காற்றில் உப்பு தெரிந்தது. தூத்துக்குடி நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பனிமய மாதா பேராலயத்தின் முன்னால் இறங்கிக்கொண்டேன். 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் கரையின் பரதவர்கள் ஊர் ஊராகக் கிறித்தவத்தில் சேர்ந்ததற்குப் பின்னால் முத்துப் பார்களின் உரிமைச் சண்டை இருந்தது. கடலில் பாதுகாப்புத் தரும் கப்பற்படை போர்த்துக்கீசியரிடம் இருந்தது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்ற மக்களைத்தான் சந்தித்தார். மாதாவின் சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து வந்தது. இப்போதுள்ள ஆலயம் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் திருவிழாவில் ஆலயத்தைச் சுற்றித் தற்காலிகக் கடைகள் முளைக்கும். ஜெபமாலை, பாசிமாலை, சிப்பிப் பொம்மை, தோடு, வளையல் எல்லாம் அங்கே விற்கும். வீட்டில் உட்கார்ந்து நகை செய்யும் பெண்ணுக்கு, தெரிந்தவர் அல்லாத ஒருவர் காசு கொடுத்து வாங்கும் முதல் இடம் பெரும்பாலும் இப்படி ஒரு திருவிழாக் கடைதான்.

அங்கிருந்து வடக்கே திரேஸ்புரம். நாட்டுப்படகும் வத்தையும் நிற்கும் கரை. சங்கு குளிக்கும் ஆட்கள் இன்றும் இருக்கும் இடம். முத்து நின்றபோது குளியாட்களின் மூச்சுப் பயிற்சி வீணாகாமல் காத்தது சங்குதான்.

அந்தப் பகுதியில் ஒரு வீட்டு முன்னறையில், சிறிய சிப்பிகளில் தோடும் கழுத்தணியும் செய்யும் பெண் ஒருவரைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்றார், எழுதவில்லை. பி.காம். படித்தவர். அக்கா மகள் பூப்பு நீராட்டுக்கு விளையாட்டாகச் செய்துகொடுத்த தோட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கேட்டிருக்கிறார்கள். அப்படியே வாட்ஸ்அப்பில் படம் போட்டு, இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து, இப்போது சென்னைக்கும் கோவைக்கும் கூரியர் போகிறது. மேசையில் சிறிய கைத்துளைப்பான், இடுக்கி, உப்புத்தாள், பிளாஸ்டிக் டப்பாக்களில் கொக்கியும் வளையமும். பாசியும் கம்பியும் மதுரையில் விளக்குத்தூண் பக்கம் மொத்தமாக வாங்குகிறார். சிப்பி மட்டும் உள்ளூர்.

வேலையைச் செய்து காட்டினார். சிப்பியை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்க்கிறார். அமிலம் தொடுவதில்லை, அமிலம் பட்டால் சுண்ணாம்பு கரைந்து சிப்பியின் பளபளப்பு செத்துவிடும். துளை போடும்போது சிப்பியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே போடுகிறார், முகத்தில் துணி கட்டியிருக்கிறார். காய்ந்த சிப்பியில் போட்டால் தூள் மூச்சில் ஏறும், சூட்டில் சிப்பியும் வெடிக்கும். ஐந்து சிப்பியில் ஒன்று துளையில் உடைகிறது. மிஞ்சியவற்றின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, நிறம் பார்த்து ஜோடி சேர்க்கிறார். இந்த ஜோடி சேர்ப்பதில்தான் நேரம் போகிறது. கடல் ஒரே மாதிரி இரண்டு சிப்பி தருவதில்லை.

ஒரு ஜோடித் தோடு 120 ரூபாய் என்றார். எப்படி வந்தது அந்த விலை என்று கேட்டேன்.

"கடையில அந்த மாதிரி பிளாஸ்டிக் தோடு நூறுக்குக் கிடைக்குதுக்கா. அதவிட இருபது ரூவா கூட வச்சிருக்கேன்."

"உங்க கூலி?"

"எனக்கென்ன கூலி? வீட்டுல சும்மா இருக்க நேரத்துலதான செய்யுதேன்."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் பிறகு போன எல்லா ஊரிலும் வெவ்வேறு வார்த்தையில் கேட்டேன். பொழுதுபோக்கு தொழிலாக மாறாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். திறமை இருக்கிறது, வாங்குகிறவரும் இருக்கிறார், செய்கிறவரின் மணிநேரம் மட்டும் கணக்கில் ஏறவில்லை.

அவருடைய நோட்டிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். சிப்பி, பாசி 15 ரூபாய். கொக்கியும் வளையமும் 12. பசை, மெருகு 8. அட்டை, டப்பா 15. ஆக 50 ரூபாய். சுத்தம் செய்வது தொடங்கி அட்டையில் குத்துவது வரை ஒன்றரை மணி நேரம். கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் 30 விழுக்காடு எடுக்கிறார். 120இல் 36 போனால் 84. பொருட்செலவு 50 போனால் மிச்சம் 34. ஒன்றரை மணி நேரத்துக்கு 34 ரூபாய். எட்டு மணி நேரம் நிமிராமல் செய்தாலும் 180 ரூபாய் சொச்சம்தான். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். உடைந்த சிப்பி, படம் எடுத்த நேரம், "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று வரும் செய்திகளுக்குப் பதில் போட்ட நேரம் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

பிறகு மறுபக்கத்திலிருந்து போட்டோம். மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்தால் 90. பொருளோடு சேர்த்து 140. உடைசல், மின்சாரம், கருவித் தேய்மானத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 154. கடைக்காரருக்கு 30 விழுக்காடு போன பிறகும் அந்த 154 கையில் நிற்க வேண்டுமென்றால் விலை 220.

"இருநூத்து இருபதா? யாருக்கா வாங்குவா?" என்று சிரித்தார். ஆனால் நோட்டை மூடவில்லை.

விலை கட்டும் கலை இந்தக் கரைக்குப் புதியதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு முத்துக்கு விலை சொல்லும் முன் வியாபாரி பட்ட பாட்டைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலாவதில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறி கடைசிச் சல்லடையில் 1000 துளை. அதில் சலித்து அளவு பிரித்தபின், உருட்சியும் ஒளியும் பார்த்து வகை பிரித்தார்கள். குறையில்லாத உருண்டைதான் ஆணி முத்து. அதற்குக் கீழே ஒவ்வொரு குறைக்கும் ஒரு வகை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு விலை. தூளுக்குக்கூட விலை இருந்தது, மருந்துக்குப் போனது.

ஆனால் இவ்வளவு நுட்பமான கணக்கில் கீழே மூழ்கியவனின் பங்கு எவ்வளவு? கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கிரேக்கப் பயணக் கையேடு, பாண்டியரின் துறைமுகமான கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் வேலை செய்ததாகச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று எழுதினார். ஆங்கிலேயர் ஆட்சியில் தூத்துக்குடிக் குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளுக்கு, மீதி சர்க்காருக்கு. தன் பங்குச் சிப்பியைப் பிரித்துப் பார்க்கும் பொறுமையோ வசதியோ இல்லாமல் கரையிலேயே விற்றுவிட்டுப் போனவர்கள் பலர். முத்து யாருக்குக் கிடைத்தது என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இதே ஊரில்தான் 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காக நின்றார்கள். மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது, கூலி உயர்ந்தது. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியவர் வ.உ.சி. சொந்தத் தொழிலும் உழைப்புக்குக் கூலியும் அவரிடம் பிரியாமல் இருந்தன. துறைமுகத்துக்கு 2011 முதல் அவர் பெயர். அந்தத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு தோடு செய்கிற பெண், தன் கூலியைத் தானே பூஜ்யம் என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தெற்குக் கடற்கரைச் சாலையில் ரோச் பூங்காவுக்குப் பக்கத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாகக் கடல் சிப்பியில் உருண்டையான வளர்ப்பு முத்தை விளைவித்த பெருமை இவர்களுடையது. 1973இல், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடைக் கடலில், விஞ்ஞானி கே.அழகர்சாமி செய்து காட்டினார். சிப்பியின் உடலைக் கீறி, இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துண்டையும் சங்கோடு போன்ற ஓட்டில் கடைந்த சிறு உருண்டையையும் உள்ளே வைத்தால், சிப்பி அந்த உருண்டையைச் சுற்றி ஒளிப்படலத்தைப் பூசிக்கொண்டே போகும். ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் அரைமுத்தில் தொடங்கியது உலகத் தொழிலாக வளர்ந்தது. இங்கே அது பண்ணைத் தொழிலாகப் பரவவில்லை. நம் கடலின் சிப்பி சிறியது. அதில் பெரிய முத்து விளையாது. கொட்டலசும் பிற ஒட்டுயிர்களும் சிப்பிக் கூண்டுகளைச் சூழ்ந்துகொள்ளும். பருவக்காற்றில் கூண்டு தாங்க வேண்டும்.

கைவேலைக்காரருக்கு அதைவிட உகந்த இன்னொன்றும் ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்: மேபி முத்து. அறுவை வேண்டாம். உயிருள்ள சிப்பியின் ஓட்டு உட்புறத்தில் அரைக்கோள அச்சை ஒட்டி மறுபடியும் கடலில் விட்டால், சில மாதங்களில் அதன்மேல் படலம் படிந்துவிடும். பிறகு அந்தப் பகுதியை ஓட்டோடு வெட்டி எடுத்து, பின்புறம் நிரப்பிப் பதக்கமாக்கலாம். அச்சு எந்த உருவமோ அந்த உருவத்தில் முத்து. ஆராய்ச்சிக்கூடத்து நுட்பம் வீட்டு முன்னறை வரை வந்து சேரும் பாதை இதுவாக இருக்கலாம் என்று தோன்றியது. தூத்துக்குடிக் கடலில் விளைந்தது என்று உண்மையாகவே சொல்லி விற்கக்கூடிய முத்தாகவும் அது இருக்கும்.

மறுநாள் கொற்கைக்குப் போனேன். திருச்செந்தூர் சாலையில் போய் ஏரல் பக்கம் திரும்பினால் வாழைத்தோட்டமும் நெல்வயலுமாக ஒரு சின்ன ஊர். பாண்டியரின் துறைமுகம் இதுதான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் இன்று ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. குளக்கரையில் மிகப் பழைய வன்னி மரம் ஒன்று நிற்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 அளவில் வந்தது. வயல் நடுவே சிறு கோவில் ஒன்று. அதன் கல்வெட்டுப் பெயரில் அக்கசாலை என்று வருகிறது. பொன்வேலையும் நாணய அச்சும் நடந்த கூடங்களை அப்படித்தான் அழைத்தார்கள். மேற்கே ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நூறாண்டுக்கு முன் மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களைத் தோண்டி எடுத்தார். இந்த ஆற்றங்கரை நகையை வாங்கிப் போட்டதோடு நிற்கவில்லை, செய்யவும் செய்தது.

அதற்கு இன்னும் உறுதியான சான்று சங்கு. சென்னை மாகாணத்தில் முத்து, சங்குத் தொழிலின் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். கொற்கையிலும் பழையகாயலிலும் மண்ணில் அறுவைத் தடம் உள்ள சங்குத் துண்டுகளைத் தாமே கண்டதாக அதில் எழுதுகிறார். வளையல் அறுத்த பட்டறையின் கழிவு அது. சங்கறுத்து வளை செய்யும் தொழிலாளியை அகநானூறும் அறியும். அந்தத் தொழில் இந்தக் கரையில் எப்போதோ அற்றுப்போனது. சங்கு மட்டும் தொடர்ந்து எடுக்கப்பட்டு, மூட்டை மூட்டையாக வங்கத்துக்குக் கப்பலேறியது. டாக்காவின் சங்காரி பஜாரிலும் விஷ்ணுபூரிலும் அதை அறுத்து, இழைத்து, செதுக்கி வளையலாக்கினார்கள். வங்கத்து இந்துப் பெண்ணின் திருமண அடையாளம் நம் கடலின் சங்கு. ஆனால் அதில் இழைப்புக் கூலி நமக்கு வரவில்லை.

ஐதராபாத்தை நினைத்துப் பாருங்கள். கடலே இல்லாத ஊர். பாரசீக வளைகுடாவின் பஸ்ரா முத்து நிஜாம் அரண்மனைக்காக அங்கே வந்தது. துளையிடவும் தரம் பிரிக்கவும் கோக்கவும் தெரிந்த கைகள் அங்கே பெருகின. அந்தக் கைத்திறனை வைத்தே அது முத்து நகரம் ஆகிவிட்டது. நமக்குப் பெயர் தந்தது கடல். கடல் கொடுப்பதை நிறுத்தியதும் பெயர் மட்டும் ரயிலில் ஓடுகிறது. மூலப்பொருளை அனுப்பிவிட்டு வேலைப்பாட்டை இழந்த கரை இது. வீட்டு முன்னறையில் சிப்பிக்குத் துளை போடும் பெண், அறுந்துபோன அந்த இழையை மறுபடி கையில் எடுத்திருக்கிறார். அவர் தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் அது அப்படித்தான்.

காயல்பட்டினத்தில் அதிக நேரம் இருக்க முடியவில்லை. இலங்கையோடு தலைமுறை தலைமுறையாக மாணிக்க வியாபாரம் செய்த ஊர். கல்லின் ஒளியைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விலை சொல்லும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அங்கே ஒரு பெரியவர் முத்தைச் சோதிக்கும் பழைய முறையைச் செய்து காட்டினார். முன்பல்லில் லேசாகத் தேய்த்தால் உண்மை முத்து மணல்போல் நறநறக்கும், பிளாஸ்டிக் வழுக்கும். வளர்ப்பு முத்தும் நறநறக்கும், அதனால் இந்தச் சோதனை பாதி வழிதான் போகும் என்றும் அவரே சொன்னார். முத்துமாலையில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே பட்டு நூலில் முடிச்சுப் போட வேண்டும் என்றார். நூல் அறுந்தால் ஒரு முத்துதான் விழும். முத்தும் முத்தும் உரசித் தேயாது. வியர்வையும் வாசனைத் தைலமும் முத்தை மங்கவைக்கும், கழற்றியதும் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். இதை ஒரு சிறிய அட்டையில் அச்சிட்டு நகையோடு கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. வாங்குகிறவருக்கு நகை நீடிக்கும். செய்கிறவர் விஷயம் தெரிந்தவர் என்பதும் விளங்கும்.

திருச்செந்தூரில் கோவிலுக்குப் போகும் வழி நெடுக, கடற்கரை வரை கடைகள். சிப்பி மாலை, சங்கு, சாவிக்கொத்து, முகம்பார்க்கும் கண்ணாடிச் சட்டம். இங்கே கைவேலைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2001ஆம் ஆண்டு முதல் பவளப்பாறை, கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நாட்டிலஸ், ராட்சத மட்டி, ஐவிரல் சங்கு வகைகளில் சில உள்ளிட்ட பல சிப்பி, சங்கினங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. வைத்திருந்தாலும் விற்றாலும் சிறைவரை போகும் குற்றம். கடையில் வெளிப்படையாகக் கிடைக்கிறது என்பதால் அது அனுமதிக்கப்பட்டது ஆகிவிடாது. அறியாமல் ஒரு பதக்கத்தில் வைத்துக் கூரியர் அனுப்பும் பெண்தான் மாட்டிக்கொள்வார். நகைக்கடையில் பவளம் என்று விற்பது வேறு. அது மத்தியத் தரைக்கடலிலிருந்து பழங்காலம் தொட்டே இங்கு வந்தது. உரோமர் முத்தை மதிப்பதுபோல இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்று பழைய உரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

சட்டத்துக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடி வரை நீளும் 21 தீவுகளை வைத்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா உருவானது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. ஊருக்கு எதிரே இருக்கும் வான் தீவும் அரிப்பில் சுருங்கிப்போனது. திரேஸ்புரத்துப் பெண் எடுத்துக்கொண்ட வழி எனக்குப் பிடித்தது. சமையலில் மிஞ்சும் மட்டி ஓடு, வலையில் ஒட்டிவரும் சாதாரணச் சிப்பி, சங்குப் பட்டறையில் கழித்த துண்டு. இவை மட்டும்தான் அவர் பொருள். "தீவுக்குப் போய்ப் பொறுக்குனா இன்னும் அழகா கிடைக்கும்தான். ஆனா வேண்டாம்க்கா, அது தப்பு" என்றார்.

குலசேகரப்பட்டினத்தில் நான் போனபோது தசரா இல்லை. ஆனால் இந்தக் கரையில் கைநகைக்கு இருக்கும் மிகப் பெரிய சந்தை அந்தத் திருவிழாதான். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு விரதமிருந்து, காளியாக, குறவராக, அரசராக வேடமிட்டு ஊர் ஊராகக் காணிக்கை பிரிக்கும் பக்தர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஒவ்வொரு காளிக்கும் கிரீடம், நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், பாசிமாலை வேண்டும். கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கும். அளவெடுத்துச் செய்து வாங்குகிறவர்களும் உண்டு. நேர்த்திக்கடன் என்பதால் வாங்குகிறவர் வேலைப்பாட்டைப் பார்க்கிறார். சென்னையில் கல்லூரிப் பெண்கள் வாங்கும் தோட்டை மட்டும் நம்பி இருக்கும் உள்ளூர்க் கைவேலைக்காரர்கள், இரண்டு மணி நேரத் தொலைவில் நடக்கும் இந்தத் திருவிழாவுக்கு ஆவணியிலேயே முன்பணம் வாங்கி வேலை தொடங்கலாம். பருவத் தொழிலுக்கு முன்பணம்தான் முதுகெலும்பு.

இன்னும் தெற்கே மணப்பாடு. குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே கடல். நகைக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் இதைப் பார்க்காமல் திரும்பியிருந்தால் என் பயணம் பாதியாகியிருக்கும். மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைந்து, கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து வெளியூர்களுக்கு விற்றுப் பழகியவர்கள். முற்றாத குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, காயவைத்து, சாயம் ஏற்றி, ஒரே அகலத்தில் கிழிக்கிறார்கள். பத்துப் பெண்கள் முடைந்த பெட்டிகளை வரிசையாக வைத்தால் யார் முடைந்தது எது என்று சொல்ல முடியாது. அளவு ஒன்று, முடிப்பு ஒன்று. தனியாக வீட்டில் செய்கிறவரால் ஐம்பது ஜோடித் தோடு ஒரே தரத்தில் கேட்கும் கடைக்காரருக்குக் கொடுக்க முடிவதில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மாதிரியை ஒத்துக்கொண்டு செய்தால் முடியும். மூலப்பொருளை மொத்தமாக வாங்கலாம், துளைப்பானைப் பகிரலாம், கடைக்காரரிடம் விலை பேசும்போது குரலுக்குப் பலம் வரும். ஓலையில் இந்தக் கரை கற்ற பாடத்தைச் சிப்பியிலும் செய்யலாம்.

இப்படித் தொழிலாக்க நினைப்பவருக்கு அரசுத் திட்டங்கள் உண்டு; விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. கைவினைஞருக்கு மத்திய அரசு தரும் பெஹ்சான் அட்டை இருந்தால் கண்காட்சிகளில் கடை போட விண்ணப்பிக்கலாம். தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் நகை செய்வது உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, ஆனால் 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியமும் உண்டு. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் கடன் கேட்டுப் போகும் முன்பே விலைக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஒரு தோட்டில் இழப்பு என்றால், கடன் வாங்கி ஆயிரம் தோடு செய்தால் ஆயிரம் மடங்கு இழப்பு.

என் மனத்தை உறுத்திய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில நகை அட்டைகளில் 'தூத்துக்குடி முத்து' என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தது நன்னீர் முத்து. செய்தவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். ஊர்ப் பெருமையில் போட்டது. இருந்தாலும் அது பொய். வாங்கியவர் ஒருநாள் நகைப் பரிசோதனைக் கூடத்தில் காட்டினால், கையால் செய்த உண்மையான வேலைப்பாட்டின் மேலும் சந்தேகம் விழும். 'சீன நன்னீர் முத்து, தூத்துக்குடியில் கோத்தது' என்று எழுதினால் என்ன குறை? கோத்த கை தூத்துக்குடிக் கைதான். விற்பதும் அதைத்தான்.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துத் திரேஸ்புரத்துப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. மாலை வகைகளுக்குப் புதிய விலை போட்டுவிட்டாராம். தோட்டை 180 வரை ஏற்றியிருக்கிறார். 220க்கு இன்னும் மனம் வரவில்லை. வழக்கமாக வாங்குகிறவர்களில் சிலர் போய்விட்டார்கள், பெரும்பாலோர் இருக்கிறார்கள். ஒவ்வொரு அட்டையிலும் எந்தச் சிப்பி, எவ்வளவு நேரத்து வேலை என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்.

மாதா திருவிழாவுக்கோ திருச்செந்தூருக்கோ குலசேகரப்பட்டினத்துக்கோ போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கையால் செய்த நகை கண்ணில் பட்டால், இது எந்தச் சிப்பி, எந்த ஊர் முத்து, யார் செய்தது என்று கேளுங்கள். கடல் விசிறியோ பவளப்பாறைத் துண்டோ நீட்டினால் வாங்காதீர்கள். நேர்மையாகப் பதில் சொல்கிறவர் விலை சொன்னால், பேரம் பேசாமல் கொடுங்கள்.